கருவியின் இலக்கணம்

நுழையும்முன்

வினாவுக்குரிய விடையைக் கணிப்பான் நொடியில் தந்துவிடுகிறது. ஆயினும், வினாவை அக்கருவிக்கு விளங்கும் முறையில் கேட்கத் தெரிந்தவருக்கே சரியான விடை கிடைக்கிறது. கேட்கத் தெரியாதவருக்குக் கருவி மறுப்புச் சொல்வதில்லை. தவறான விடையையும் அதே தெளிவோடு காட்டிவிடுகிறது. ஒரு மொழியை அதன் இலக்கணம் அறிந்து கற்பதுபோல், ஒரு கருவியையும் அதன் இலக்கணம் அறிந்து கற்க முடியும் என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

சுவடி முதல் திரை வரை

கணக்கிடும் கருவிகள் மாறுந்தோறும் அவற்றைக் கையாளும் முறையை மனிதர் புதிதாகக் கற்றே வந்துள்ளனர். திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் எண்சுவடியை மனனம் செய்தனர். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி சேர்ந்தால் 80-இல் ஒரு பங்காகிய காணி. நான்கு காணி சேர்ந்தால் 20-இல் ஒரு பங்காகிய மா. இப்பெயர்களும் வாய்பாடுகளும் நாவில் படிந்த பின்னரே நெல்லையும் நிலத்தையும் அளந்து கணக்கெழுத அவர்களால் இயன்றது. அங்கு நினைவாற்றலே கருவியாக இருந்தது.

1614-ஆம் ஆண்டில் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிய அவ்வட்டவணை, நீண்ட கணக்குகளைச் சுருக்கியது. மடக்கை அளவுகளைப் பொறித்த சட்டங்களை ஒன்றையொட்டி மற்றொன்று நகரும்படி அமைத்துப் பின்னர் ஸ்லைடு ரூல் உருவாக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் 1964-ஆம் ஆண்டு மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்ட காலத்தில் பொறியாளர்களின் கைக்கருவி அதுவே. அக்கல்லூரியே இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது.

ஸ்லைடு ரூலில் ஒரு குறை உண்டு. அது தசமப்புள்ளியைக் காட்டாது. 2.4-ஐ 3-ஆல் பெருக்கினாலும் 24-ஐ 30-ஆல் பெருக்கினாலும் சட்டம் ஒரே இடத்தில்தான் நிற்கும். விடை 7.2-ஆ, 720-ஆ என்பதைக் கணக்கிடுபவரே முன்கூட்டி மதிப்பிட்டு அறிய வேண்டும். இக்குறை ஒரு நன்மையையும் செய்தது. தோராயமான விடையை மனத்தில் கொள்ளாமல் எவரும் அக்கருவியைப் பயன்படுத்த முடியவில்லை.

1972-இல் எச்.பி. நிறுவனம் சட்டைப்பைக்குள் அடங்கும் அறிவியல் கணிப்பானை வெளியிட்டது. 35 விசைகள் கொண்டிருந்தமையால் அதற்கு எச்.பி.-35 என்று பெயர். 1985-இல் கேசியோ நிறுவனம் எஃப்.எக்ஸ்-7000ஜி என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணை மட்டும் காட்டிவந்த கணிப்பான், அப்போது சார்பின் வரைபடத்தையும் காட்டத் தொடங்கியது. அதன் திரையில் இருந்தவை கிடையாக 96, நெடுக்காக 64 புள்ளிகளே. அச்சிறு திரையில் பரவளையமும் சைன் அலையும் தோன்றியபோது வரைகணிப்பான் என்னும் புதிய கருவி பிறந்தது.

விசைப்பலகையின் முன் ஒரு மாணவி

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புக் கணிதத் தேர்வில் கணிப்பானுக்கு இடமில்லை. எனினும் வரைகணிப்பான் நம் வகுப்பறைக்குள் வேறு வடிவில் நுழைந்துவிட்டது. கணிதப் பாடநூலின் இணையச் செயல்பாடு பகுதிகளில் இடம்பெறும் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள், வரைகணிப்பான் செய்யும் பணிகள் அனைத்தையும் செய்கிறது. ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது. பள்ளியில் இதனைக் காணும் மாணவர்கள், கல்லூரியில் சேர்ந்ததும் அறிவியல் கணிப்பானைக் கையில் எடுக்கின்றனர்.

பாலக்கரையில் தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வியை முடித்துப் பொறியியல் கல்லூரியில் சேரும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். கணிதத்தில் அவள் நல்ல மதிப்பெண் பெற்றவள். ஆனால், புதிய கணிப்பானைக் கையில் எடுத்ததும் திகைக்கிறாள். ஒவ்வொரு விசையின் மீதும் ஒரு குறி. அதன் மேலே மஞ்சள் நிறத்தில் ஒன்று, சிவப்பு நிறத்தில் மற்றொன்று. ஷிப்ட், ஆல்ஃபா, மோட் என எல்லாம் ஆங்கிலச் சொற்களும் சுருக்கங்களும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. பாடம் தமிழுக்கு வந்த பின்னரும் கணிப்பானின் விசைகள் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன.

இத்தகைய வேளையில், தனக்குக் கணிதம் வராது என்று அவள் எண்ணிவிடக்கூடும். உண்மையில் அவளுக்குத் தெரியாதது கணிதம் அன்று. ஒரு கருவியின் மொழி மட்டுமே. இவ்விரண்டையும் பிரித்தறிவது கற்றலின் முதற்படி. மொழி என்றால் அதற்கு இலக்கணம் இருக்கும். இலக்கணம் இருந்தால் அதைக் கற்கவும் முடியும். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்துள்ளது. கணிப்பானின் மொழியையும் அதே வரிசையில் அணுகலாம்.

எழுத்து: விசைகளின் அடுக்கு

நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஐம்பது விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு? தமிழ் இச்சிக்கலை நெடுங்காலத்திற்கு முன்பே தீர்த்துவிட்டது. உயிர் 12, மெய் 18 ஆகிய முப்பதின் சேர்க்கையால் 216 உயிர்மெய்கள் பிறக்கின்றன. ஆய்தத்தையும் சேர்த்தால் எழுத்துகள் 247. தமிழ் கற்கும் குழந்தை 247 வடிவங்களையும் தனித்தனியே மனனம் செய்வதில்லை. சேரும் முறையை அறிந்துகொள்கிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும் இம்முறையில் அமைந்ததே. ககர விசையை அடுத்து இகர விசையை அழுத்தினால் ‘கி’ திரையில் தோன்றுகிறது.

கணிப்பானில் ஷிப்ட் விசையும் ஆல்ஃபா விசையும் இவ்வாறே செயல்படுகின்றன. தனியே அவற்றுக்குப் பொருள் இல்லை. அடுத்து வரும் விசையின் பொருளை அவை மாற்றுகின்றன. மஞ்சள் நிற விசையை அழுத்தினால் மஞ்சள் நிறக் குறிகளும், சிவப்பு நிற விசையை அழுத்தினால் சிவப்பு நிறக் குறிகளும் உயிர்பெறுகின்றன. நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம், முறை ஒன்றே.

அடுக்குகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. சைன் விசையின் மேலடுக்கில் இருப்பது அதன் நேர்மாறு. வர்க்கமூலம், மடக்கை போன்றவற்றின் அருகிலும் பெரும்பாலும் அவற்றோடு உறவுடைய செயல்களே இடம்பெறுகின்றன. உறவை அறிந்தவருக்கு இடம் தானே நினைவில் நிற்கும். நேர்மாறுச் சார்பு பற்றிய பாடத்தைப் புரிந்துகொண்ட மாணவி, பாதி விசைப்பலகையை அப்போதே கற்றுவிட்டாள் எனலாம்.

எழுத்தளவில் மயங்கவைக்கும் இடமும் ஒன்று உண்டு. பல வரைகணிப்பான்களில் கழித்தலுக்கு ஒரு விசை, குறை எண்ணின் அடையாளத்திற்கு வேறொரு விசை. ‘8-இலிருந்து 3-ஐக் கழி’ என்பதில் வருவது ஒரு செயல். ‘குறை 3’ என்பதில் வருவது எண்ணின் இயல்பு. தாளில் இரண்டையும் ஒரே கோட்டால் எழுதிப் பழகியவர் இங்குத் தடுமாறுவது இயல்பே. லகர, ளகர வேறுபாட்டைப் போல இதனையும் தொடக்கத்திலேயே பயின்றுகொள்ள வேண்டும்.

சொல்: கட்டளையின் வரிசை

தனி விசைகளை அறிந்த பின் அவற்றைக் கோக்கும் வரிசையை அறிய வேண்டும். 12, 8 ஆகியவற்றின் கூடுதலை 4, 1 ஆகியவற்றின் கூடுதலால் வகுத்தால் விடை 4. தாளில் மேலும் கீழுமாக எழுதி நடுவே கோடு இடுவதால் ஐயத்துக்கு இடமில்லை. அதனையே அடைப்புக்குறியின்றி 12 + 8 ÷ 4 + 1 என்று ஒரே வரியில் உள்ளிட்டால் கருவி 15 என்று காட்டும். அது வகுத்தலை முதலிலும் கூட்டலைப் பின்னரும் செய்கிறது. கருவி தவறவில்லை, கேட்ட வினாதான் வேறாகிவிட்டது.

குறை 3-இன் வர்க்கம் 9. ஆனால், −3² என்று உள்ளிட்டால் பெரும்பாலான கணிப்பான்கள் −9 என்றே காட்டும். முதலில் 3-ஐ வர்க்கமாக்கி அதன்பின் குறை அடையாளத்தைச் சேர்ப்பது அவற்றின் விதி. (−3)² என அடைப்புக்குறி இட்டால்தான் 9 கிடைக்கும். 6 ÷ 2(1 + 2) என்னும் கோவைக்குச் சில கருவிகள் 9 என்றும், வேறு சில 1 என்றும் விடை தருகின்றன. பெருக்கற்குறி இல்லாத பெருக்கலுக்கு எவ்வளவு முதன்மை தருவது என்பதில் அவற்றின் விதிகள் வேறுபடுகின்றன. சொற்றொடர் ஈரடியாக இருந்தால் பொருளும் ஈரடியாகும். ஐயம் எழும் இடத்தில் அடைப்புக்குறி இடுவதே தெளிவு.

வரிசையை முற்றிலும் மாற்றி அமைத்த கருவிகளும் உண்டு. எச்.பி.-35-இல் சமக்குறி விசையே இல்லை. அதில் முதலில் எண்களை உள்ளிட்டு, இறுதியில் செயலை அழுத்த வேண்டும். போலந்து நாட்டு அறிஞர் யான் லூக்காசியேவிச் 1920-களில் குறியை முன்னே வைத்து எழுதும் முறையை அமைத்தார். அதனைத் திருப்பிக் குறியை இறுதியில் வைத்ததால் இது திருப்பிய போலிஷ் முறை எனப் பெயர்பெற்றது. 1990-இல் வந்த எச்.பி.-48எஸ்எக்ஸ் என்னும் வரைகணிப்பானும் இம்முறையைப் பின்பற்றியது. உலகெங்கும் புதிதாகப் பயில்வோரைத் திகைக்கவைத்த அமைப்பு இது.

தமிழரின் செவிக்கு இதன் வரிசை அத்துணைப் புதிதன்று. தமிழ்த் தொடரில் செயப்படுபொருள் முன்னும் வினை இறுதியிலும் நிற்கும். ‘12-ஐயும் 8-ஐயும் கூட்டு; 4-ஐயும் 1-ஐயும் கூட்டு; முன்னதைப் பின்னதால் வகு’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லும் வரிசையே அக்கருவி கேட்கும் வரிசை. அதில் அடைப்புக்குறியும் தேவைப்படுவதில்லை. கருவியின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், தாய்மொழியில் சிந்திப்பது கற்றலுக்குத் தடையாவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

தெரிந்து தெளிவோம்

பாகை, ரேடியன் ஆகியவற்றோடு கிரேடியன் என்னும் கோண அளவும் கணிப்பான்களில் உண்டு. செங்கோணத்தை 90 பாகையாகப் பிரிப்பதற்கு மாறாக 100 பங்காகப் பிரிப்பது கிரேடியன். ஆகவே 45 கிரேடியன் என்பது 40.5 பாகைக்குச் சமம்.

பொருள்: திரை சொல்வதும் சொல்லாததும்

எழுத்தும் சொல்லும் சரியாக அமைந்த பின்னரும் பொருள் பிழைபடலாம். திருவரங்கத்தின் இராசகோபுரம் 13 நிலைகளைக் கொண்டது. 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 72 மீட்டர். கோபுரத்தின் அடியிலிருந்து 72 மீட்டர் தொலைவில் சமதளத்தில் நின்று பார்த்தால், உச்சியின் ஏற்றக்கோணம் 45 பாகை எனக் கிடைக்கும். உயரத்தைக் காண 72-ஐ டேன் 45-ஆல் பெருக்க வேண்டும்.

மாணவி இக்கணக்கை உள்ளிடுகிறாள். கருவி பாகை நிலையில் இருந்தால் 72 என்று காட்டும். ரேடியன் நிலையில் இருந்தால் டேன் 45-இன் மதிப்பு ஏறத்தாழ 1.62 ஆகும், உயரம் 116.6 மீட்டர் என வரும். கிரேடியன் நிலையில் இருந்தால் உயரம் 61.5 மீட்டராகச் சுருங்கும். மூன்று முறையும் அழுத்திய விசைகள் அவையே. கோபுரமும் அசையவில்லை. திரையின் மூலையில் சிறிய எழுத்தில் தெரியும் நிலைக்குறி மட்டுமே மாறியிருக்கிறது. ஜியோஜீப்ராவிலும் பாகைக்குறி இடாமல் 45 என்று எழுதினால், அது ரேடியனாகவே கொள்ளப்படும்.

116.6 மீட்டர் பிழையானது என்பதைக் கருவி கூறாது. மாணவியின் கணித அறிவே கூறவேண்டும். ஏற்றக்கோணம் 45 பாகை என்றால் அது இருசமபக்கச் செங்கோண முக்கோணம். உயரமும் தொலைவும் சமமாக இருந்தே தீரவேண்டும். இதனை அறிந்தவள் திரையைக் கண்டதும் ஐயுறுவாள். அறியாதவள் நான்கு தசம இடங்களுடன் பிழையை எழுதிவைப்பாள். கட்டடத்திற்கும் பாலத்திற்கும் அளவு குறிக்கும் பொறுப்பு ஒருநாள் அவளிடம் வரும்போது, இவ்வேறுபாடு மதிப்பெண்ணோடு நின்றுவிடாது.

வரைபடத்தைக் காணும்போது இவ்விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். க² − 40க + 300 என்னும் இருபடிச் சார்பை எடுத்துக்கொள்ளலாம். இதன் காரணிகள் (க − 10), (க − 30). எனவே வரைபடம் கிடையச்சை 10, 30 ஆகிய இரண்டு இடங்களில் வெட்டும். ஆனால், பல வரைகணிப்பான்களின் திரை இரண்டு அச்சுகளிலும் −10 முதல் 10 வரை மட்டுமே முதலில் காட்டுகிறது. அத்திரையில் இச்சார்பு வலப்பக்க விளிம்பை ஒட்டி, ஏறக்குறைய செங்குத்தான ஒரு சிறு கோடாகத் தோன்றும். அதனை மட்டும் கண்டவர் இது நேர்கோடு என்றோ, மூலம் ஒன்றே என்றோ கருதிவிடலாம்.

சாளர அமைப்பை மாற்றி, கிடையச்சை 0 முதல் 40 வரையும் நெட்டச்சை −120 முதல் 320 வரையும் விரித்தால் முழுப் பரவளையமும் விளங்கும். கிடையச்சின் மதிப்பு 20 ஆக இருக்கும் இடத்தில் அது −100 என்னும் தன் மிகக் குறைந்த மதிப்பை அடைவதும் தெரியும். எவ்வளவு விரிப்பது என்பதைத் தீர்மானிக்கக் காரணிப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். திரை என்பது ஒரு சன்னல். சன்னலில் தெரியாத மரம் தோட்டத்தில் இல்லை என்று எவரும் முடிவுசெய்வதில்லை.

இருப்பதை மறைப்பதோடு இல்லாததைக் காட்டவும் திரைக்கு இயலும். கருவி, சார்பின் மதிப்பைத் திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கணக்கிட்டு அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறது. 1-ஐ (க − 2)-ஆல் வகுக்கும் சார்பு, மாறி 2 ஆக இருக்கும்போது வரையறுக்கப்படவில்லை. அதன் இடப்புறப் புள்ளி ஆழத்திலும் வலப்புறப் புள்ளி உயரத்திலும் இருக்கும். பழைய கருவிகள் இவ்விரண்டையும் இணைத்துச் செங்குத்துக் கோடு ஒன்றை வரைந்துவிடுவது உண்டு. அது சார்பின் பகுதியன்று. கருவியின் இயக்கத்தால் விளைந்த தோற்றம். சார்பகம் என்னும் கருத்தைக் கற்றவரே அக்கோட்டைப் பொய் என்று அறிவர்.

கற்கும் முறை

பாலக்கரை ரவுண்டானாவில் முதன்முறை வந்து இறங்குபவருக்கு, அங்குப் பிரியும் சாலைகளுள் காந்தி சந்தைக்குச் செல்வது எது, தொடர்வண்டி நிலையத்துக்குச் செல்வது எது என்று தெரியாது. நகரின் எல்லாத் தெருக்களையும் மனனம் செய்துவிட்டு எவரும் நடக்கத் தொடங்குவதில்லை. தெரிந்த ஓர் இடத்தை அடையாளமாகக் கொண்டு ஒரு வழியைக் கற்கின்றனர். அதிலிருந்து அடுத்த வழி விளங்குகிறது. கருவியைக் கற்பதற்கும் இதுவே முறை.

முதலில், விடை தெரிந்த கணக்குகளையே கருவியிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சைன் 30 பாகை 0.5, 2-இன் பத்தாம் அடுக்கு 1024, 100-இன் பொதுமடக்கை 2. இவை சரியாக வந்தால் விசைகளை அழுத்திய முறையும் கருவியின் நிலையும் சரி என்று பொருள். வேறு விடை வந்தால் எங்கே பிழை என்று தேடுவதே அன்றைய பாடம்.

இரண்டாவதாக, விசையை அழுத்துமுன் தோராய விடையை ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்லைடு ரூலின் காலத்தில் கருவியே கட்டாயப்படுத்திய பழக்கம் இது. இன்று கருவி அதனைக் கேட்பதில்லை. கற்பவரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக, தனிக் குறிப்பேடு ஒன்றில் ஒவ்வொரு செயலையும் தம் மொழியில் எழுதிவைப்பது பயன்தரும். ‘கோண அளவை மாற்ற’, ‘சாளரத்தை விரிக்க’, ‘வெட்டும் புள்ளியைக் காண’ என்று நோக்கத்தை முதலில் எழுதி, அதன் எதிரே அழுத்த வேண்டிய விசைகளை வரிசையாகக் குறிக்கலாம். கையேடுகள் பெரும்பாலும் விசையின் பெயரால் அமைந்திருக்கும். கற்பவரின் தேவையோ நோக்கத்தின் பெயரால் அமைவது. இரண்டுக்கும் இடையே அக்குறிப்பேடு பாலமாக விளங்கும்.

நான்காவதாக, ஒரு நாளைக்கு ஒரு செயலைக் கற்றால் போதும். தேவை எழும்போது கற்ற செயலே நினைவில் நிலைக்கும். மற்றொருவர் அமைத்த நிலையில் கருவி இருந்தால், தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பணியைத் தொடங்குவது நன்று.

கருவிகள் இனியும் மாறும். இன்று கற்ற விசைகள் நாளை வேறிடத்துக்கு நகரலாம். விசைகளே இல்லாத கருவியும் வரலாம். அப்போதும் எழுத்தின் அடுக்கையும் சொல்லின் வரிசையையும் பொருளின் எல்லையையும் கேட்டறியப் பழகியவர் திகைக்கமாட்டார். விடையைக் கருவி கணக்கிடும். அவ்விடையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்யும் பொறுப்பு என்றும் கற்றவரிடமே இருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு கருவியின் விசைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் நோக்கத்தையும் தமிழில் எழுதுக.

2. பள்ளிக் கொடிக்கம்பத்தின் உயரத்தை ஏற்றக்கோணத்தைக் கொண்டு கணக்கிடுக. கணக்கிடுமுன் தோராய மதிப்பை எழுதி, இரண்டையும் ஒப்பிடுக.

3. க² − 40க + 300 என்னும் சார்பின் வரைபடத்தை ஜியோஜீப்ராவில் வரைந்து, திரையின் எல்லையை மாற்றும்போது தோற்றம் மாறுவதை வகுப்பில் விளக்குக.

4. ‘கருவி தந்த விடை என்பதாலேயே அது சரியாகிவிடாது’ – இக்கருத்தை இப்பாடத்தில் உள்ள இரண்டு சான்றுகளைக் கொண்டு நிறுவுக.